ரிவர்ஸ் கியரிலிருந்து விடுதலை கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்: திருவையாற்றுப் பக்கம் ஒரு முட்டுத் தெருவில் குடியிருக்கும் விவசாயி, டிராக்டர் ஒன்று, டிரெய்லர் ஒன்று, பொறுமை சொற்பம்.

பெறுநர்: கட்டட வரைபடங்களுக்கு அனுமதி அருளும் அலுவலகம்.

பொருள்: ஷெட்டின் பின்சுவரில் கதவு வைத்தல் – அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: என் முந்தைய மனுக்கள், அவற்றின் மீது தாங்கள் பாராத பார்வை.

ஐயா,

வணக்கம். என் வீட்டை ஒட்டி ஒரு ஷெட் இருக்கிறது. முன்னால் தெரு. பின்னால் வண்டிப்பாதை, அதைத் தாண்டி வாய்க்கால், மதகுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வயல். ஷெட்டுக்குத் தெருப்பக்கம் மட்டும்தான் கதவு; நுழையவோ வெளியேறவோ ஏதாவது ஒன்றுக்கு ரிவர்ஸ்தான். பின்சுவரில் பத்தடி அகலத்துக்கு இன்னொரு கதவு வைத்துவிட்டால், வயலிலிருந்து வரும் டிராக்டர் பின்னால் நுழைந்து முன்னால் போய்விடும். விஷயம் இவ்வளவுதான். கடிதம் இதற்கு மேல் நீள்வதற்கு நான் பொறுப்பல்ல.

டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்த அனுபவம் தங்கள் அலுவலகத்தில் யாருக்கும் இருக்காது என்ற தைரியத்தில் சற்று விளக்குகிறேன். ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். அதைச் சரிக்கட்டக் கொஞ்சம் தாமதித்தாலும் இஞ்சினும் டிரெய்லரும் மடங்கி, ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே பின்னால் ஓர் ஆள் நின்று 'வரலாம், வரலாம்' என்று கத்த வேண்டும். எதிர்வீட்டுத் திண்ணைத் தூண் சாய்ந்தது அப்படியொரு 'வரலாம்' சொல்லி முடித்தபோதுதான். மாட்டுவண்டிக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. மாட்டை அவிழ்த்துவிட்டு ஏர்க்காலைத் தூக்கிப் பிடித்தால் இரண்டு பேர் நின்ற இடத்திலேயே வண்டியைத் திருப்பிவிடுவார்கள். நெல் ஏற்றிய டிரெய்லரை அப்படித் தூக்கிப் பிடிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். தங்கள் அலுவலகத்தில் யாரேனும் இருந்தால் சொல்லியனுப்பவும்.

இதில் அவசரம் என்ன என்று கேட்பீர்கள். குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வருகிற ஊர் இது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். டெல்லி மனமிரங்கித் தளர்வு தருகிற வருஷத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக விடுவார்கள். வானம் கறுத்தால் நெல்லோடு டிரெய்லர் ஷெட்டுக்குள் ஓட வேண்டும். வெயில் முகம் காட்டியதும் வெளியே ஓட வேண்டும். மேகம் கூடுகிற நேரத்தில் 'வரலாம், வரலாம்' சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இந்தச் சுவரைப் பற்றி உருப்படியாகப் பேசியவர் எங்கள் ஊர்க் கொத்தனார் ஒருவர்தான். ஒன்பது அங்குலச் சுவர், எடுத்த எடுப்பில் கடப்பாறையைப் போடக் கூடாது. மேலே முட்டுக் கொடுத்து, லிண்டல் போட்டு, அது இரண்டு பக்கமும் சுவரில் முக்கால் அடி உட்கார்ந்து இறுகிய பிறகுதான் கீழே செங்கல்லை உருவ வேண்டும் என்றார். இரண்டு கதவும் திறந்து கிடந்தால் ஆடிக் காற்று உள்ளே புகுந்து கூரைத் தகரத்தைத் தூக்கும், ஜே போல்ட்டைக் கூடுதலாகப் போடுங்கள் என்றார். தாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை. தாங்கள் கேட்டவை வேறு.

முதலில், இது கதவா, கேட்டா, ஷட்டரா என்று கேட்டீர்கள். ஷட்டர் என்றேன். ஷட்டர் என்றால் கடை, கடை என்றால் வணிக வரி என்றார் ஒருவர். சரி, மரக்கதவு என்றேன். அடுத்த மேஜைக்காரர் அதைவிட ஆழமானவர். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறக்கூடிய இடத்துக்குப் பெயர் தெரு, தெருவுக்குக் கூரை போட விதியில் இடமில்லை என்றார். இந்தத் தத்துவத்தை மறுக்க எனக்குப் படிப்பு போதாது. ஆனால் முன்கதவும் பின்கதவும் உள்ள தங்கள் அலுவலகத்துக்குக் கூரை எப்படி வந்தது என்று அன்றிரவு தூக்கம் வராமல் யோசித்தேன்.

2019இல் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்தன. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது: 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்தில் விண்ணப்பித்தால் உடனடி அனுமதி. நல்ல திட்டம், நிஜமாகவே சொல்கிறேன். முழு வீட்டுக்குக் கணத்தில் கிடைக்கிற அனுமதி, சுவரில் ஒரு ஓட்டைக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை என்று தங்கள் வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கேட்டேன். விதிகளில் அவருக்குத் தெரியாதது இல்லை. "பேசாம வீட்டை இடிச்சிடுங்கண்ணே. புது வீடுன்னு போட்டா உடனே வந்துடும்" என்றார். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

போகிற வழி இல்லாமல் வருகிற வழி மட்டும் வைப்பது இந்த மண்ணுக்கே ஆகாத காரியம். டெல்டாவில் ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் வர மடை, போக வடிகால். ஆறும் அப்படித்தான். முக்கொம்பில் 1836இல் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். வேண்டிய தண்ணீர் காவிரிக்கு, வேண்டாத வெள்ளம் கொள்ளிடத்துக்கு. காவிரி என்கிற வீட்டின் கொல்லைக் கதவு கொள்ளிடம். 2018 ஆகஸ்டில் அந்த மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனபோது, ஆற்றுக்கு எதற்குப் பின்கதவு, கேட்டா ஷட்டரா என்று யாரும் கோப்பு எழுதவில்லை. பக்கத்திலேயே புதிதாகக் கதவணை கட்டினார்கள்.

என் ஷெட்டுக்கும் வெள்ளத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். தெருவுக்குத் தார் போடும்போதெல்லாம் பழைய தாரின் மேலேயே போட்டுப் போட்டு, படியேறிப் போன வீடுகளெல்லாம் இப்போது இறங்கிப் போகிற வீடுகள். 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று எழுதினார். அந்தத் தாள் எங்கள் தெருவுக்கு வருவதற்குள் தார் வந்துவிட்டது. ஆக, மழைத் தண்ணீர் யாருடைய அனுமதியும் இல்லாமல் ஷெட்டின் முன்கதவு வழியாக உள்ளே வருகிறது. பின்சுவரில் முட்டி, உரமூட்டைகளை நனைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. வாய்க்கால் இருபது அடி தள்ளித்தான் இருக்கிறது. தண்ணீருக்கும் வழி தெரிகிறது. நடுவில் நிற்பது தங்களால் காக்கப்படும் சுவர்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் வாசலில் நின்றால் ரேழி, கூடம் தாண்டிக் கொல்லைக் கிணறு தெரியும். அறுத்த நெல் கொல்லைப் படல் வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது. கொல்லை வாசலுக்கு நல்ல பெயர் மட்டும்தான் உண்டு என்று சொல்ல மாட்டேன். அந்த நெல்லை விளைவித்தவர்கள் தெருவாசலுக்கு வரக் கூடாது என்று கொல்லையிலேயே நிறுத்திக் கூலி அளந்த ஜில்லா இது. 1952இல் தஞ்சாவூருக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. நான் கேட்கும் கதவில் அந்தக் கணக்கு வேண்டாம். டிராக்டர் ஓட்டுகிறவர் பின்னால் நுழைந்து முன்னால், தெருவாசல் வழியாகத்தான் வெளியே வருவார். வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறேன்.

வாஸ்துப்படி சரியா என்றும் ஒருவர் ரகசியமாகக் கேட்டார். அது தங்கள் விதிகளில் இல்லை என்பதால் பதில் எழுதவில்லை.

களஆய்வுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவசியம் வர வேண்டும். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவது என் கடமை. எங்கள் தெரு என் வீட்டோடு முடிகிறது. ஜீப் உள்ளே வரும், திருப்ப இடமில்லை. பெருமாள் கோயில் முக்கு வரைக்கும் ரிவர்ஸிலேயேதான் போக வேண்டும், வழியில் எதிர்வீட்டாரின் மிச்சமிருக்கிற தூண் ஒன்று உண்டு. பின்னால் நின்று 'வரலாம்' சொல்ல நான் வருகிறேன். அன்றைக்குக் கொத்தனாரும் கடப்பாறையோடு இங்கேயே இருப்பார். ஆணையில் அங்கேயே கையெழுத்திட்டால், லிண்டல் இறுகியதும் வந்து ஜீப்பை நேராகவே எடுத்துக்கொண்டு போகலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள விண்ணப்பதாரர்.

இணைப்பு: வரைபடம் மூன்று நகல், வண்டிப்பாதை காட்டும் புலப்படம், கொத்தனாரின் கைபேசி எண்.