புள்ளியும் பொத்தென விழுதலும்: மதுரை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மென்பொருள் படுத்தல் இருவகைத்து. சொல்லாமற் படுத்தல் ஒன்று, சொல்லிப் படுத்தல் மற்றொன்று. முன்னதில் திரை வெளுக்கும், செய்த வேலை போகும், கடைப் பையன் டீ குடிக்கக் கிளம்புவான். ஆய்வதற்கு அதில் ஏதும் இல்லை. பின்னதே புலமைக்குரியது. அதிலும் திறமூல ஆவண மென்பொருள்கள் படுக்கும்போது வரி வரியாக ஒப்பாரி வைத்துவிட்டு, இறந்தவர் யார் என்பதைக் கடைசி வரியில்தான் சொல்லும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மென்பொருள் ஸ்பிங்ஸ். பைதான் மொழியின் ஆவணங்களுக்காக கியோர்க் பிராண்டல் எழுதி 2008-இல் வெளியிட்டது. சாதாரண உரைக் கோப்புகளைக் கொடுத்தால் வலைப்பக்கமாகவும், டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் வழியாகப் பி.டி.எஃப். நூலாகவும் ஆக்கித் தரும். ஆய்வுக்களம் மேலமாசி வீதிப் பக்கம் மாடியில் இருக்கும் ஒரு டி.டி.பி. கடை. அங்கே ஊர் வழிகாட்டி ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. ஊர்ப்பெயர்கள் தனிக் கோப்பில் கிடந்தன. பைதானில் எழுதிய அமைப்புக் கோப்பில் இருந்த ஒரே ஒரு வரி அதைத் திறந்து படிக்க வேண்டும். பட்டியலின் முதல் பெயர் மதுரை.

“அண்ணே, மறுபடியும் படுத்துருச்சுண்ணே.”

“என்னடா சொல்லுது?”

“ஏதோ ஜீரோ எக்ஸ் 81-ஆம். எட்டாவது இடத்துல இருக்காம். அப்படி ஒரு எழுத்தே இல்லைங்குது.”

இவ்விடத்தில் அறிஞர்கள் மூன்று பிரிவாகப் பிரிந்தனர். கணினியை அணைத்துப் போடச் சொன்னவர்கள் மறுதொடக்கவாதிகள். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றச் சொன்னவர்கள் மறுநிறுவல்வாதிகள். மூன்றாம் பிரிவினர், போன ஆயுத பூஜையின்போது சி.பி.யு.வுக்குள் சந்தனம் போயிருக்கலாம் என்று கருதினர். எட்டாவது இடத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ணிப் பார்த்தால் விஷயம் இதுதான். யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும், ஒவ்வொரு குறிக்கும் மூன்று மூன்று பைட். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். ‘ம’வுக்கு 0, 1, 2. ‘த’வுக்கு 3, 4, 5. அடுத்து வருவது உகரக் குறி. அதன் மூன்றாவது பைட்தான் எட்டாம் இடத்தில் நிற்கிறது. கணினிக்காரர்கள் பதினாறடிமானத்தில் 81 என்று எழுதும் அது நம் கணக்கில் 129.

கோப்பை எந்தக் குறியேற்றத்தில் படிப்பது என்று சொல்லாமல் விட்டால், விண்டோஸில் பைதான் அந்தக் கணினியின் பழைய குறிப்பக்கத்தை எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் அமைத்த கணினியில் அது 1252. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காகக் கட்டிய அந்தப் பக்கத்தில் 256 அறைகள் உண்டு. அவற்றில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்தும் காலி. உகரக் குறியின் கடைசி பைட் 129. மெய்யின் மேல் வைக்கும் புள்ளிக்கு 141. ‘ஏ’ என்ற உயிரெழுத்துக்கு 143, ‘ஐ’ என்ற உயிரெழுத்துக்கு 144. பூட்டிய வீட்டுக் கதவைத்தான் தமிழ் போய்த் தட்டுகிறது. 157-ஐ மட்டும் எந்தத் தமிழ் எழுத்தும் தொடுவதில்லை.

இக்கோட்பாட்டைக் கள ஆய்வுக்கு உட்படுத்தினோம். மதுரையைச் சூழ்ந்த மலைகளில் யானைமலை, நாகமலை, சமணமலை மூன்றும் படுக்காமல் கடந்தன. பசுமலை உகரத்தால் விழுந்தது, அழகர்மலை புள்ளியால் விழுந்தது. திருப்பரங்குன்றத்தில் விழுவதற்கு ஆறு காரணங்கள் உண்டு. ஆனால் முதல் காரணத்திலேயே விழுந்துவிடுவதால் மற்ற ஐந்தும் வெளியே தெரிவதில்லை. வைகை தடையின்றிப் பாய்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

சிற்றுண்டி வகையிலும் இதே முடிவுதான். தோசை, வடை, பூரி, காபி கடக்கின்றன. இட்லியும் சாம்பாரும் பரோட்டாவும் ஜிகர்தண்டாவும் படுக்க வைக்கின்றன. கோப்பின் தலையில் பிள்ளையார் சுழியாக ‘உ’ போடலாம், ஆபத்தில்லை. ‘ௐ’ போட்டால் அந்த இடத்திலேயே விழும், அதன் கடைசி பைட்டும் 144.

ஆனால் கடந்தவை என்ன ஆயின என்றும் பார்க்க வேண்டும். யானைமலை யானைமலையாகப் போய்ச் சேரவில்லை. தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’க்களும் வட்டத்துக்குள் அடைபட்ட வணிகமுத்திரைக் குறிகளுமாகப் போய்ச் சேர்ந்தது. மென்பொருள் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. விழுந்த பசுமலையை அன்றே தூக்கி நிறுத்திவிடலாம். விழாத யானைமலையின் கதி, நூல் அச்சாகி வந்து நாலு பேர் சிரித்த பிறகுதான் தெரியும். ஆகவே படுப்பவற்றைக் காட்டிலும் படுக்காதவையே பெருந்தீங்கு என்பது இவ்வாய்வின் துணிபு.

இதற்கு முற்காலச் சான்று வேண்டுவோர் ஓலைச்சுவடிகளைப் பார்க்கலாம். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தாயிற்று. சுவடி எழுதியவர்களோ பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆவணத்தைப் புள்ளி கிழிக்கும் என்பது 1252-ஆம் பக்கம் கட்டப்படுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே நம்மவருக்குத் தெரிந்திருக்கிறது. புள்ளியை விட்டுவிட்டு ஓலையைக் காப்பாற்றினார்கள். எது மெய், எது உயிர்மெய் என்று தெளியும் பாரம் பதிப்பாசிரியர் தலையில் விழுந்தது. இதுவும் யானைமலை வகைத் தீங்கே.

எது சரி என்று சோதிக்கும் விஷயத்தில் சங்கத்தார் கெட்டிக்காரர்கள். பாண்டிய நாட்டில் பன்னீராண்டுப் பஞ்சம் தீர்ந்த பின் எழுத்துக்கும் சொல்லுக்கும் யாப்புக்கும் புலவர் கிடைத்தனர், பொருளுக்கு ஆள் இல்லை. அப்போது ஆலவாய் இறைவனே அறுபது சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதிப் பீடத்தின் கீழ் இட்டான் என்கிறது இறையனார் களவியல் உரை. மூலத்தை எழுதியவர் ஆவணம் எழுதாமல் போய்விடுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம் போலும். சங்கத்துப் புலவர்கள் ஆளுக்கொரு உரை செய்தார்கள். எது சரி என்று சோதிக்க உட்கார வைத்தது உருத்திரசன்மன் என்ற ஐந்து வயதுப் பிள்ளையை. பிள்ளைக்குப் பேச்சு வராது. மருதன் இளநாகனார் உரையைக் கேட்டபோது சில இடங்களிலும், நக்கீரர் உரையைக் கேட்டபோது சொல்லுக்குச் சொல்லும் கண்ணீர் வார்த்து மெய்சிலிர்த்தான். சரியென்றால் அழ வேண்டும், தவறென்றால் கல்லாக இருக்க வேண்டும். உருத்திரசன்மனுக்குக் கொடுத்த விதி அது. ஸ்பிங்ஸ் நேர்மாறு, தவறென்றால்தான் அழும். இரண்டில் எது மேல் என்பதைப் பிந்தைய ஆய்வாளர்களுக்கு விட்டுவிடுகிறோம்.

பொற்கிழி விஷயத்திலும் ஓர் ஒப்பீடு உண்டு. திருவிளையாடல் கதைப்படி மதுரையில் பாட்டுக்குக் கிழி, குற்றம் கண்ட நக்கீரருக்கு நெற்றிக்கண். டெக்கை ஆக்கிய டொனால்ட் குனூத் தம் நூல்களில் குற்றம் கண்டு சொன்னவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பினார், அதாவது 256 சென்ட். 2008 முதல் காசோலைக்குப் பதில், இல்லாத நாட்டின் இல்லாத வங்கி பெயரில் சான்றிதழ் தருகிறார். கிழிக்காகப் பாட்டோடு போன தருமிக்கு இது தெரிந்திருந்தால் தொழிலை மாற்றியிருப்பார்.

மாடிக் கடையில் பிழை தீர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கோப்பைத் திறக்கும் வரியில் குறியேற்றம் யு.டி.எஃப்-8 என்று சேர்த்ததும் பசுமலை எழுந்தது, யானைமலைக்குத் தும்பிக்கை திரும்பியது. பைதான் 3.7 முதல் கணினி முழுமைக்கும் ஒரே சூழல் மாறியால் இதைச் செய்யவும் வழி இருக்கிறது. மறுநிறுவல்வாதிகள் மட்டும் இதை ஒப்பவில்லை.

யு.டி.எஃப்-8-ஐயே இயல்பாக்கும் முடிவு பைதான் 3.15-க்கு என எடுக்கப்பட்டுவிட்டது. அந்தப் பதிப்பு எல்லாக் கணினிகளுக்கும் வந்து சேரும் நாளில் இவ்வாய்வு காலாவதியாகும். அதுவரை கோப்பைத் திறக்குமுன் குறியேற்றத்தை எழுதுங்கள். ஸ்பிங்ஸ் படுத்தால் தற்காலிகக் கோப்புறையில் போட்டுவைக்கும் பதிவை அழிக்காமல் அதை ஆக்கியவர்களுக்கு அனுப்புங்கள். தவறு உங்களுடையதாக இருந்தாலும் தெரிவிக்கச் சொல்லி அந்த மென்பொருளே கேட்கிறது, அடுத்தவருக்கு இன்னும் தெளிவாகச் சொல்வதற்காக.