பாசி ஊறப்போட ஒரு பாத்திரம்

பதினோரு நாள். இன்னும் மூன்று நாள் பொறுத்திருந்தால் இரண்டு வாரம் முடிந்திருக்கும். நேற்று மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணயர்ந்த நேரத்தில், இரண்டாம் கட்டில் ஊறிக்கொண்டிருந்த என் பாசியை அப்பத்தா வாரி முருங்கைத் தூரில் போட்டுவிட்டது. கேட்டால், "தண்ணி நாறிப்போச்சப்பு, கொசு அடையுமில்ல" என்கிறது. நாறவில்லை. அது ஆற்று வாடை. கொசு விஷயம் வேண்டுமானால் உண்மை.

உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாலத்தோரம் வண்டியை நிறுத்தி, வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி, பாசி நிரம்பிய கேரிப்பையோடு ஏறுகிற ஆள்தானே நீங்களும்? தேனாற்றில் ஐப்பசி மழைக்குப் பின் தண்ணீர் ஓடுகிற கொஞ்ச நாளில் அள்ளினால்தான் உண்டு. அப்புறம் மணலைத்தான் அள்ளலாம். இந்தத் தடவை வேலம்பாசியும் நீர்ப்பிரமியும். நீர்ப்பிரமியைத்தான் மீன்கடையில் பகோபா என்று விலைக்குக் கொடுக்கிறார்கள். அப்பத்தாவுக்கு அது வரப்புக் களை.

ஆற்றுச் செடியைத் தொட்டிக்குப் பழக்குவதில் ஒரே ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் பாத்திரம்.

முதலில் பொட்டாசியம் பெர்மாங்கனேட். ரோஜா நிறத்தில் கரைத்துப் பத்து நிமிஷம். கத்தரிக்காய் நிறத்துக்குப் போனால் வேலம்பாசி கருகிவிடும். அடுத்து நத்தை முட்டைக்குப் படிகாரத் தண்ணீர், இரண்டு நாள். பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு வாரம். செட்டிநாட்டில் பாத்திரத்துக்கா பஞ்சம் என்பீர்கள். வாருங்கள், சாமான் அறையைத் திறந்து காட்டுகிறேன். காட்டத்தான் முடியும், தொட முடியாது. தாமிர அண்டா, ஆள் உட்கார்ந்து குளிக்கலாம். ஆனால் தாமிரம் தண்ணீரில் இறங்கினால் நத்தை செத்துவிடும். நல்லதுதானே என்று எனக்கும் ஒரு கணம் ஆசை வந்தது. கூடவே செடியும் போய்விடும். பித்தளையிலும் பாதிக்கு மேல் தாமிரம்தான். ஆக, இனாமல். அப்பத்தாவுக்குச் சீராக வந்த ஸ்வீடன் இனாமல் வாளிகள், நீலக் கரை போட்டவை, ஒரே அளவில் ஏழு. ஆறு காகிதம் சுற்றி இருக்கின்றன.

"அது பாப்பா கல்யாணத்துக்கு."

பாப்பாவுக்கு நாலு வயது.

"சரி, மூடி இல்லாத அந்த ஏழாவது?"

"மூடி எங்கேயோ கெடக்கு. தேடணும். மூளியாவா வெளிய எடுக்கிறது?"

என் அப்பச்சி பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அந்த மூடியைத் தேடுகிறார்கள். நான் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். பழைய சாமான் கடையில் எங்கள் வாளியின் உடன்பிறப்பு ஒன்று இருந்தது. விலை கேட்டேன். தூக்கிய மாதிரியே இறக்கி வைத்தேன். கடைசியில் பெயிண்ட் வாளி. பர்மாத் தேக்குத் தூணுக்கடியில், கம்பெனிப் பெயர் பாதி அழிந்த பெயிண்ட் வாளி. வருகிறவர்கள் எல்லாம் "வெள்ளையடிக்கிறீகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

இத்தனை ஏன் என்று கேட்பவர்களுக்கு: போன வருஷம் அலசி நேராகத் தொட்டியில் விட்டேன். பாசிக்குள் ஒரு தும்பிக் குஞ்சு. சேற்று நிறம், ஆறு கால், சாது மாதிரி முகம். கப்பி மீன் பக்கத்தில் வந்ததும் மடித்து வைத்திருந்த கீழுதடு கைபோல நீண்டது. பிடித்தது, மடங்கியது, அவ்வளவுதான். பிடிக்கப் போனால் பின்பக்கத்தால் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு பாய்கிறது. எட்டு கப்பி இருந்தன. மாசக் கடைசியில் தும்பிக்கு மட்டும்தான் நான் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அதுவும் இறக்கை முளைத்து, வளவு வழியாகப் போய்விட்டது. சொல்லிக்கொள்ளவில்லை.

சூட்சுமம் என்றேனே, அது இருக்கட்டும். இன்று காலை முருங்கைத் தூரைப் போய்ப் பார்த்தேன். பாசி கறுத்துக் காய்ந்து கிடந்தது. அதன் மேல் உளுந்து அளவில் ஒரு நத்தை, கொம்பை நீட்டி நடைபயின்றுகொண்டிருந்தது. பெர்மாங்கனேட், படிகாரம், அப்பத்தா மூன்றையும் தாண்டி வந்த நத்தை.

வாளியையாவது எடுத்து வைப்போம் என்று தேடினால், கிணற்றடியில் இருக்கிறது. அப்பத்தா அதில் மாட்டுக்குப் பிண்ணாக்கு ஊறப்போட்டிருந்தது. ஈ மொய்க்காமல் மேலே ஒரு மூடி. இனாமல் மூடி. நீலக் கரை.