வேலூர் வெயிலில் ஹீட்டர் வைத்தியம்

அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரியைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும் வேலூர்ச் சீமையில், மோட்டார் காருக்குள் ஹீட்டர் என்றொரு உபகரணத்தையும் பொருத்தி விற்பவர்களின் தாராள சிந்தையை எவ்வளவு சிலாகித்தாலும் தகும். வண்டி புறப்படுமுன்பே டீசலை எரித்து உட்புறத்தைச் சூடாக்கும் துணை ஹீட்டர்கூட ஜெர்மனியில் உண்டு; அங்கே அது பழுதானால், ஆம்பூர் பூட்ஸ் அணிந்த கனவானும் விறைத்துப்போவார்.

இங்கே உள்ளதோ, எஞ்சினின் சூடான நீரை டாஷ்போர்டுக்குப் பின்னுள்ள சிறு ரேடியேட்டருக்குத் திருப்பி, விசிறியால் ஊதிவிடும் எளிய ஏற்பாடு. அது கசிந்தால் கூலன்டின் தித்திப்பு வாசனையே காட்டிக்கொடுக்கும் என்பது சாஸ்திரம்; ஆயினும் தோல் பதனிடும் ஷாப்புகளின் சுண்ணாம்புத் தொட்டிப் பரிமளத்தில் பல்லாண்டு தேர்ச்சி பெற்ற நாசிக்கு அந்த நுண்ணிய தித்திப்பு எட்டுவதேயில்லை; ஆதலால் மெக்கானிக், காலடிக் கம்பளத்தின் ஈரத்தை விரலால் தொட்டே வியாதியை நிர்ணயிக்கிறார். சிகிச்சையும் சுருக்கமே: ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டு, "நம்ம ஊருக்கு இது எதுக்கு பாய்?" என்று தீர்ப்பளிப்பார்.

அத்தீர்ப்பு மறுபரிசீலனைக்கு வருவது ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில்தான். எஞ்சின் கொதிக்கத் தொடங்கினால் ஏ.சி.யை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுமையாகத் திறந்து அந்த உஷ்ணத்தை உள்ளே வாங்கிக்கொள்வது பழைய டிரைவர்களின் ஆபத்துக்கால உபாயம். அதாவது, யந்திரம் குளிர்வதற்காக எஜமானர் வேகவேண்டும். ஹோஸ்களை இணைத்துக்கொண்டவருக்கு அந்தப் பாக்கியமும் கிடையாது.