காப்பியம் வாசிக்கும் வரிசை: கீரிமலைக் கேணிப் படிக்கட்டை முன்வைத்து ஒரு விசாரணை

காப்பியங்களை எந்த வரிசையில் வாசிப்பது என்னும் வினாவுக்கு விடை கண்டோர் பலர். விடை கண்டபின் வாசித்தோர் அரியர். இக்குறையை நீக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது இவ்வளவு உறுதியாக நிலைபெற்றது எங்ஙனம் என்று ஆராய்வதே நோக்கம்.

ஆய்வுக்களம் கீரிமலைக் கேணி. மதிலுக்கு அப்பால் கடல், இப்பால் ஊற்றுநீர். களத்தெரிவுக்கு நியாயம் உண்டு. நகுல முனிவரின் கீரிமுகமும் மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகமும் மாறியது இந்நீரில் என்பது ஐதீகம். எவருடைய கருத்தாவது மாறியதாக ஐதீகம் இல்லை. ஆகவே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இடுப்பளவு நீரில் தொடங்கும் வாதம், தலை துவட்டி முடிந்த பின்னும் தொடங்கிய இடத்திலேயே நிற்கும். ஆய்வாளனுக்கு இதைவிட வசதி வேறில்லை.

வாதிகளுள் முதல்வர் காலக் கட்சியார். பழையது முந்தி, புதியது பிந்தி என்பர். கேட்க நேர்த்தியாக இருக்கும். இரட்டைக் காப்பியங்களில் இடறும். சாத்தனார் சொல்லக் கேட்டு இளங்கோ சிலம்பைப் பாடினார் என்கிறது சிலப்பதிகாரப் பதிகம். இளங்கோ கேட்கச் சாத்தனார் மேகலையைப் பாடினார் என்கிறது மணிமேகலைப் பதிகம். இருவருமே மற்றவரைக் கேட்டுக்கொண்டிருந்தால் வாசகன் யாரிடம் முதலில் போவது? மணிபல்லவம் என்பது நயினாதீவே எனக் கொண்ட ஒருவர் இவ்விடத்தில் குறுக்கிட்டு, “எங்கட தீவு வாற புத்தகத்தை முதல்ல வாசியுங்கோ மாஸ்ரர், மதுரை ஆறுதலா எரியட்டும்” என்றார். இது காலவாராய்ச்சி ஆகாது. ஆயினும் அக்கட்சியார் சொன்ன எதையும்விடத் தெளிவாக இருந்தது.

நீலகேசி இதனினும் சிக்கல். பௌத்தக் குண்டலகேசியை மறுக்க எழுந்த சமண நூல் அது. மறுப்பு முழு நூலாக இருக்கிறது. மறுக்கப்பட்டதில் எஞ்சியவை 19 பாடல்களே. காலவரிசைப்படி போனால், எதிராளி இரண்டு வார்த்தை பேசிவிட்டு எழுந்து போன பட்டிமண்டபத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அற்றேல், அச்சேறிய வரிசையைக் கொள்வோம் எனின், அதுவும் தலைகீழ். உ. வே. சாமிநாதையர் பதிப்பில் சீவக சிந்தாமணி 1887இலும் சிலப்பதிகாரம் 1892இலும் மணிமேகலை 1898இலும் வந்தன. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1889இல் சூளாமணியைப் பதிப்பித்தார். ஐயர் பதிப்புக்காகக் காத்திருந்த ஒருவர், ஐஞ்சிறு காப்பியத்துள் ஒன்றை முடித்துவிட்டு மூன்று ஆண்டு சும்மா இருந்தே கண்ணகியைக் கண்டிருப்பார்.

இரண்டாவது கனக் கட்சி. சிறியது முந்தி என்பது இவர்கள் சூத்திரம். எளிய சூத்திரம், அபாயகரமான விளைவு. குண்டலகேசியில் 19, வளையாபதியில் 72, ஆக 91 பாடல்கள். நனைந்த வேட்டி காயுமுன் இவற்றை முடித்து, “ஐம்பெருங் காப்பியத்தில் ஐந்தில் இரண்டு பங்கு படித்தவன்” என்று மேடையேறலாம். பொய் சொன்ன குற்றமும் சேராது. அடுத்து 3145 பாடல்களோடு சிந்தாமணி எதிர்ப்படும்போது இக்கட்சியார் ஆரம்ப நூல்களை மீள வாசித்தல் அவசியம் என்று உணர்வர்.

ஊர்க் கட்சி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரசகேசரியின் இரகுவம்சம், அதற்குப் புன்னாலைக்கட்டுவன் கணேசையர் எழுதிய உரை, தெல்லிப்பழைப் பூலோகசிங்க முதலியாரின் திருச்செல்வர் காவியம் என, சைக்கிளில் போய்வரும் தூரத்துக்குள் பிறந்தவை தவிர மற்றெல்லாம் பிறகு என்பது இவர்கள் கொள்கை. தூரத்தை வீட்டுப் படலையிலிருந்து அளப்பதா, கேணியிலிருந்து அளப்பதா என்பதில் பிளவு உண்டு.

இனி, வாதமே செய்யாத ஒரு கூட்டம் இருப்பது ஆய்வின் நடுவே தெரியவந்தது. இவர்களுக்கு வரிசையைப் பஞ்சாங்கம் கொடுக்கிறது. திருவெம்பாவைக் காலம் வந்தால் திருவாதவூரடிகள் புராணம்; சித்திரா பௌர்ணமிக்குச் சித்திரபுத்திரனார் கதை, கூடவே கஞ்சி. கந்தபுராணத்துக்குக் கோயிலுக்குக் கோயில் நாள் வேறு. ஒருவர் இராகத்தோடு பாட்டை வாசிப்பார், மற்றவர் பயன் சொல்வார். 10,345 பாடல்களை இப்படியே கடந்துபோகிறார்கள். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துக்குக் கந்தபுராண கலாசாரம் என்று பெயரிட்டதற்கு இந்தப் பொறுமையே சான்று. அந்நூலோ வரிசைக்கு அடங்குவதன்று: சூரன் மடிந்து, தெய்வயானை திருமணமும் ஆனபின், கதைப்படி முன்னே நடந்த தக்கன் வேள்வி தக்ககாண்டத்தில் வருகிறது, அதற்கும் பின் வள்ளி திருமணம். காரணத்தைக் கடைசியில் வைத்த கச்சியப்பரை எந்த மேற்பார்வையாளரும் சித்தியடைய விட்டிருக்க மாட்டார்.

1990இல் இப்பகுதி இடம்பெயர்ந்தபோது பஞ்சாங்க வரிசையும் அறுந்தது. பையில் அகப்பட்டதே முதல் நூல். அதைப் பற்றி இங்கே வேடிக்கை பேச விருப்பமில்லை.

ஆய்வின் எல்லைகளையும் குறிப்பிடுதல் மரபு. பெண்கள் கேணி மதிலுக்குள் இருப்பதால் அங்கே தரவு திரட்டப்படவில்லை. குளித்து வெளியே வந்த ஓர் ஆச்சியிடம் மட்டும், எந்தக் காப்பியத்தை முதலில் வாசிக்க வேண்டும் என்று கேட்கப்பட்டது.

“நான் ஒண்டும் வாசிக்கேல்லைத் தம்பி, கேட்டனான். நித்திரையாப் போன நாளுகளை விட்டால் கந்தபுராணம் முழுக்கக் கேட்டிருக்கிறன். நீர் எவ்வளவு மட்டும் வாசிச்சிருக்கிறீர்?”

ஒரேயொருவர் கூற்று என்பதால் இது கணக்கிற் சேர்க்கப்படவில்லை. அவர் கேட்ட கேள்வி ஆய்வின் வரம்புக்கு வெளியே உள்ளது.