அம்பாசடரின் தாகம்

1489 சிசி எஞ்சினுக்கு அளவெடுத்த ரேடியேட்டரை, இசுசூ 1.8 எஞ்சினைப் பொருத்திய பிறகும் அம்பாசடர்க்காரர் விடுவதில்லை. எரிபொருள் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் வழியாக வெளியேற வேண்டும். இது அவருக்குத் தெரியவருவது மலைப்பாதையில், பானெட்டிலிருந்து ஆவி கிளம்பும்போது.

ரேடியேட்டரை எஞ்சினைப் பார்த்து வாங்க வேண்டும், முகப்பைப் பார்த்து அல்ல. ஹோஸ் வாய்கள் எந்தப் பக்கம், விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் இடையே விரல் நுழையுமா என்பது முதல் கணக்கு. பரப்பு பெரிதாவது நல்லது. தடிமனை மட்டும் கூட்டினால் பின்வரிசைக் குழாய்களுக்குக் கிடைப்பது முன்வரிசை சூடாக்கி அனுப்பிய காற்றுதான். செம்பு-பித்தளையில் ஓட்டை விழுந்தால் பட்டறையில் ஈயம் வைக்கலாம். அலுமினியம் எடை குறைவு. ஈயப்பற்று அதில் எளிதில் ஒட்டாது.

எஞ்சின் கொதித்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதே வைத்தியம் என்னும் மெக்கானிக் எல்லா ஊரிலும் உண்டு. அவரிடம் டீ மட்டும் குடிக்கலாம்.