முத்துலட்சுமியைத் தொலைச்ச பேராண்டிக்கு

வாலே பேராண்டி, உக்காரு. கம்ப்யூட்டர் படிச்ச புள்ள, பால் சங்கத்துப் பட்டியலையும் வங்கிக்காரன் அனுப்புன பட்டியலையும் எக்செல்லுல பக்கத்துப் பக்கத்துக் கலத்துல வச்சு ஒப்பிட்டு, நாப்பது உறுப்பினரக் காணலன்னு கண்டுபிடிச்சிருக்கியாம்லா. ஊரே பேசுது. நாங்கள்லாம் பேரேட்டுல சிவப்புப் பென்சிலால டிக் அடிச்சே பல்லு போன பயலுவ. எங்க காலத்துல மாடு காணாமப் போவும், மிஞ்சிப்போனா கன்னுக்குட்டி காணாமப் போவும். ஒரே மத்தியானத்துல நாப்பது பேரக் காணாம ஆக்குற வித்தை எங்களுக்குப் பிடிபடாமலே போச்சு.

அதுல முத்துலட்சுமியும் ஒருத்தியாம். காலைலதான் உங்க ஆச்சிக்கு ஒரு செம்பு மோரு ஊத்திட்டுப் போனா. நல்லாத்தான் இருக்கா. நீ போட்ட வீலுக்கப்புதான் அவளுக்கு நேரா 'என்.ஏ.'ன்னு எழுதி வச்சிருக்கு. அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லிக்கல. நீ இல்லாதவ, உனக்குப் பால் பணம் வராதுன்னு சொன்னா, மோரை உங்க ஆச்சி தலையில ஊத்திட்டுப் போயிருப்பா.

எங்க, அந்த ரெண்டு கட்டத்தையும் காட்டு. இந்தப் பக்கம் முத்துலட்சுமி. அந்தப் பக்கமும் முத்துலட்சுமி. 'ரெண்டும் ஒண்ணுதான் தாத்தா, எக்செல்லுல ஏதோ கோளாறு'ங்க. ஆமாலே, உலகம் பூரா கோடிக்கணக்கான பேரு வச்சு ஓட்டுத எக்செல்லு, நம்ம ஊரு முத்துலட்சுமியப் பாத்ததும் கோளாறாயிட்டு. இருக்கும் இருக்கும். அதுக்கு முன்னால கெழவன் சொல்லுதேன்னு ஒண்ணு பண்ணிப்பாரு. பக்கத்துக் காலிக் கட்டத்துல லென்னுன்னு ஒரு சூத்திரம் போடு. எத்தன எழுத்துன்னு எண்ணிச் சொல்லும்.

என்ன வந்துது? இங்க 13, அங்க 14. என்னலே முழிக்கே? மு, த், து, ல, ட், சு, மின்னு வெரல் விட்டா ஏழுதான் வருதுங்கியா? அது நமக்கு. யூனிகோடுல புள்ளி தனி, கொம்பு தனி, சுழி தனி. அதனால 13ங்கிறது சரியான கணக்குதான். அந்தப் பதினாலாவது என்னன்னு இப்போ நீ தேடணும். கண்ணாடிய நல்லாத் தொடச்சுப் பாத்தாலும் தெரியாது. பேருக்குப் பின்னால ஒரு இடைவெளி ஒட்டிக்கிட்டு நிக்கி.

'அதுக்குத்தான் டிரிம் இருக்கே'ன்னு சிரிக்க. இருக்கு ராசா. முன்னால பின்னால ஒட்டியிருக்கிற இடைவெளியச் செதுக்கும், நடுவுல ரெண்டு மூணு கெடந்தா ஒண்ணாக்கும். போடு, பாப்போம். இன்னமும் 14தானா? அடடே. டிரிமும் கெட்டுப்போச்சுபோல. எக்செல்லுக்காரனுக்கு ஒரு லெட்டர் போட்டுருவமா?

வேண்டாம், கேளு. இடைவெளியில ரெண்டு சாதி இருக்கு. நம்ம ஸ்பேஸ் பாரு போடுதது 32ஆம் நம்பரு. டிரிமுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். இணையப் பக்கத்துலேருந்து பட்டியல நகலெடுத்து ஒட்டுதீயல்லா, அப்போ கூடவே வரும் 160ஆம் நம்பரு. வரி ஒடையக் கூடாதுன்னு பக்கம் செய்யிறவன் வச்ச இடைவெளி அது. நெல்லோட நெல்லா நிக்கிற குதிரைவாலிப் புல்லு மாதிரி, வரப்புல நின்னு பாக்குறவனுக்கு வித்தியாசமே தெரியாது. சப்ஸ்டிடியூட்டப் போட்டு 160அ எடுத்துட்டு அந்த எடத்துல சாதா ஸ்பேஸ வையி. அதுக்கு மேல டிரிமப் போடு. மொதல்ல டிரிமப் போட்டுட்டு அப்புறம் மாத்துனா, மாத்துன ஸ்பேஸு பேருக்குப் பின்னால அப்படியே நிக்கும். ஒரே கட்டத்துக்குள்ள ஆல்ட்டும் எண்டரும் அடிச்சு வரி ஒடச்சு வச்சிருப்பானுவ சில பேரு. அதுக்குக் கிளீனு. அது 0லேருந்து 31 வரைக்கும் உள்ள கண்ணுக்குத் தெரியாத குப்பையத்தான் கூட்டும், 160அத் தொடாது. பேரு கிளீனுன்னு இருந்தா எல்லாத்தையும் கூட்டிருமாக்கும்?

இன்னொண்ணு. ஒரு பட்டியலத் தேச்சுக் குளிப்பாட்டிட்டு, மத்ததை அழுக்கோட விட்டுட்டுப் பொருந்தலையேன்னு கன்னத்துல கை வைக்கிறவன் நெறைய பேரு. ரெண்டையும் தேய்க்கணும். அசல் கலத்து மேலயே தேய்க்காத, பக்கத்துல புதுக் கலம் போட்டுத் தேயி. நாளைக்குத் தணிக்கைக்காரன் வந்து வங்கி என்ன அனுப்புச்சுன்னு கேட்டா, நீ சுத்தம் பண்ணுனதையா காட்டுவ?

இதுவரைக்கும் சொன்னது எல்லா ஊருக்கும் பொது. தமிழ்ப் பேருக்குன்னு தனி வில்லங்கம் உண்டு. கோபாலை எடுத்துக்கோ. மூணு எழுத்துப் பய. அவன் பேருல உள்ள 'கோ' இருக்கே, அத ரெண்டு விதமா எழுதி வைக்கலாம். ஓகாரக் குறிய ஒரே குறியா வச்சா லென்னு 6ங்கும். ரெட்டைக் கொம்பத் தனியா, காலத் தனியாப் போட்டு வச்சா 7ங்கும். திரையில ரெண்டும் ஒரே கோபாலுதான். யூனிகோடு விதிப்படியும் ரெண்டும் சமம்தான். ஆனா எக்ஸாக்ட்டுன்னு ஒரு சூத்திரம் இருக்கு, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுறது, அதப் போட்டா இல்லன்னுரும். பழைய மாற்றியில போட்டுக் கொண்டுவந்த பட்டியல்ல இந்த ரெட்டைப் பொறவி நெறைய வரும். சரிபண்ண வழி இருக்கு. ரெட்டைக் கொம்புக்கு 3015, காலுக்கு 3006, சேந்த ஓகாரக் குறிக்கு 3019. யூனிகேர்ங்கிற சூத்திரத்துல இந்த நம்பரக் குடுத்து, முந்தி சொன்ன சப்ஸ்டிடியூட்டால மாத்திரு. கொ, பொன்னு வார குறிலுக்கு 3014உம் 3006உம் சேந்து 3018. குறிச்சுக்கோ, அப்புறம் தாத்தா சொல்லலன்னு சொல்லாத.

ஸ்ரீதர் அதவிடக் கெட்டிக்காரன். அந்த 'ஸ்ரீ'ய 'ஸ'வுல தொடங்கியும் எழுதலாம், வடமொழி 'ஶ'வுல தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருவுல ரெண்டும் ஒரே உருவம். லென்னும் ரெண்டுக்கும் 7தான் சொல்லும். அங்க யூனிகோடுங்கிற பேருலயே ஒரு சூத்திரம் இருக்கு, 2013ஆம் வருசத்து எக்செல்லுலேருந்து உண்டு. அது மொத எழுத்தோட நம்பரச் சொல்லும். ஒருத்தன் 3000ம்பான், இன்னொருத்தன் 2998ம்பான். சாயம் வெளுத்துரும்.

பழைய எழுத்துருவுல அடிச்ச பட்டியல் வந்தா, யூனிகோடுக்கு மாத்தாம ஒப்பிடவே தொடங்காத. மேல பாத்தா தமிழு, எழுத்துருவ மாத்துனா இங்கிலீஷு எழுத்து கன்னாபின்னான்னு நிக்கும். தமிழ்நாடு அரசு யூனிகோட ஏத்துக்கிட்டு ஆணை போட்டது 2010லலே. இன்னமும் சில ஆபீசுல அந்தச் சேதி போய்ச் சேரல. தபால்ல இருக்குன்னு நெனைக்கேன்.

சரி, பேரு வேண்டாம், கணக்கு எண்ண வச்சு ஒப்பிடுதேங்கியா? புத்திசாலி. எண்ணு பொய் சொல்லாதுல்லா. இந்தக் கட்டத்துல எண்ணு இடது பக்கம் ஒட்டி நிக்கி, அந்தக் கட்டத்துல வலது பக்கம் ஒட்டி நிக்கி, பாத்தியா? இடதுல நிக்கிறது எழுத்தா இருக்கு, வலதுல நிக்கிறது எண்ணா இருக்கு. எக்செல்லுக்கு எழுத்து 123 வேற, எண்ணு 123 வேற. கட்டத்து ஓரத்துல பச்சை முக்கோணம் ஒண்ணு கண்ணடிச்சிருக்கும், நீ அழகுக்குப் போட்டிருக்கான்னு நெனச்சிருப்ப. ரெண்டு பக்கத்தையும் எழுத்தாக்கு.

எழுத்தாத்தான் ஆக்கணும், எண்ணா ஆக்கிராத. எக்செல்லு எண்ணுக்கு 15 இலக்கம் வரைக்கும்தான் ஞாபகம் வச்சுக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ண எண்ணா அடிச்சா, கடைசி இலக்கத்தச் சத்தமில்லாம பூச்சியம் ஆக்கிரும். முன்னால பூச்சியம் இருந்தா அதையும் முழுங்கிரும். அடிச்சு முடிச்ச பொறவு கட்டத்த எழுத்துன்னு மாத்துனா போனது திரும்பாது, அடிக்க முந்தியே மாத்தியிருக்கணும். கவுண்டிஃப் இன்னும் மோசம். எழுத்தா வச்சிருந்தாலும் அத எண்ணா நெனச்சுக்கிட்டு, மொத 15 இலக்கம் ஒண்ணா இருந்தா ரெண்டு கணக்கும் ஒண்ணுன்னுரும். அடுத்தடுத்த எண்ணுல கணக்குத் தொடங்குன மாமியாளையும் மருமகளையும் ஒரே ஆளாக்கி வச்சுரும். அந்த வீட்டுல அத யாரு போயிச் சொல்ல?

'என்.ஏ.' வந்தா பயப்படுத. வராததுக்குல்லா பயப்படணும். வீலுக்கப்புல கடைசியில ஃபால்ஸு போட மறந்தியானா, ஆளக் கண்டுபிடிக்கலன்னா கிட்டத்துல இருக்கவன் கணக்க எடுத்து நீட்டும், பட்டியல் அகர வரிசையில இல்லன்னா சம்பந்தமே இல்லாதவன் கணக்க நீட்டும். முகத்துல ஒரு சுருக்கம் கூட இருக்காது. இல்லன்னு சொல்லுதவன் நல்லவன்லே.

பேருக்குப் பக்கத்துல நட்சத்திரம் போட்டிருக்கே, அது நான் பேரேட்டுல போட்டது. பாக்கி உள்ளவுகளுக்கு ஒரு நட்சத்திரம் போட்டு வைப்பேன். அத நீ பக்தியா அப்படியே எக்செல்லுல அடிச்சிருக்க. வீலுக்கப்புக்கு நட்சத்திரம்னா 'இதுக்கப்புறம் என்ன வேணாலும் இருக்கலாம்'னு அர்த்தம். மாடசாமின்னு போட்டு நட்சத்திரம் வச்சா, மாடசாமின்னு தொடங்குற மொத ஆளு எவனோ அவன் கணக்குல போயி நிக்கும். நட்சத்திரத்த எடுத்துரு. ரெண்டு பட்டியல்லயும் நட்சத்திரம் இருந்தா மட்டும், தேடுற பேருல அதுக்கு முன்னால டில்டேன்னு ஒரு நெளி கோடு போடு.

இவ்வளவும் பண்ணி முடிச்சா நாப்பதுல பாதி பேராவது திரும்பி வருவாக. மிச்சம் நிக்கிறவுக கிட்ட எந்தச் சூத்திரமும் செல்லாது. நம்ம ஊருப் பொம்பளையாளுக்கு அப்பன் வீட்டு முன்னெழுத்து ஒண்ணு, புருசன் வீட்டு முன்னெழுத்து ஒண்ணு. சங்கத்துல மா. முத்துலட்சுமி, வங்கியில சு. முத்துலட்சுமி, ரேசன் கார்டுல முத்துலெட்சுமி, ஆதார்ல முன்னெழுத்து பேருக்குப் பின்னால. இதுக்கும் கருவி இருக்கு தாத்தாங்க, பவர் குவெரியில தோராயமாப் பொருத்துற வசதி, நூத்துக்கு எம்பது ஒத்துமை இருந்தாப் போதும்னு அதுவே வச்சிருக்கும்ங்க. சந்தோசம். இசக்கிமுத்து, இசக்கியம்மாளு, இசக்கிப்பாண்டி, இசக்கிராசுன்னு தெருவுக்கு நாலு பேரு இருக்க ஊருல எம்பது ஒத்துமையா? அந்தப் பட்டியல வச்சு நீ பட்டுவாடா பண்ணு, நான் அன்னைக்கு மதுரைக்குப் போயிருதேன்.

நாங்க ஏன் உறுப்பினர் எண்ணு வச்சோம்னு எப்பவாது கேட்டியா? பேரேட்டுல பேரு ரெண்டாவது கலத்துலதான் இருக்கும், மொதக் கலத்துல எண்ணு. பேரு எத்தன விதமா மாறுனாலும் அது மாறாது. நீ என்ன பண்ணுன? எக்செல்லுல ஏத்தும்போது இந்தக் கலம் எதுக்குன்னு மொத வேலையா அத அழிச்சுட்ட. இப்போ பேர வச்சுக்கிட்டு முழிக்க. பேரேடு பரண்ல இருக்கு, ஏணி எரவாரத்துல இருக்கு, கரப்பான் பூச்சி இருந்தா பயப்படாத. எண்ண எடுத்து ஏத்து, எழுத்தா ஏத்து.

அப்படியும் பொருந்தாதவுகளுக்கு 'நீக்கம்'னு தலைப்புப் போட்டு வச்சிருக்கியே, அந்தத் தலைப்ப மொதல்ல அழி. 'விசாரிக்கணும்'னு போடு. உன் பட்டியல்ல இல்லாதவ ஊருல இல்லாதவ ஆயிர மாட்டா. போனு இருக்குல்லா, ஒவ்வொருத்தருக்கா அடிச்சுக் கேளு. முத்துலட்சுமி வீடு மூணாவது வீடு, அதுக்குப் போனு கூட வேண்டாம். நாளைக்குப் பட்டுவாடா, இன்னைக்கே போயிட்டு வா.