விளக்கு எரிகிறது, வலை விரியவில்லை

கேள்வி: கேபிள் செருகியிருக்கிறேன், விளக்கும் மினுக்குகிறது. ஒரு இணையதளம்கூடத் திறக்கவில்லை. புது ரௌட்டர் வாங்கிவிடலாமா?

பதில்: பர்ஸை உள்ளே வையுங்கள். முதலில் கணினியின் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று ஆரம்பித்தால், ரௌட்டரில் முகவரி வழங்கும் டிஹெச்சிபி எதையும் கொடுக்கவில்லை, கேட்டு அலுத்த கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட பட்டம் மாதிரி, வாசலைத் தாண்டினால் செல்லாது! கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள், ரௌட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

முகவரி ஒழுங்காக இருந்தால் 8.8.8.8-க்கு பிங் அடியுங்கள். எண்ணுக்குப் பதில் வருகிறது, தளத்தின் பெயரைச் சொன்னால் மட்டும் முழிக்கிறது என்றால் கோளாறு, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில். கணினியின் நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள். செலவு பூஜ்யம். நீங்கள் புது ரௌட்டரே வாங்கினாலும், இணைப்பு தரும் நிறுவனத்தின் அதே டிஎன்எஸ்தான் பெரும்பாலும் அதிலும் வந்து உட்காரும்.